முதுகில் ஏறும் சமையலறை

"மலை ஏறப் போகிறேன், தனியாக" என்கிறான் மகன். வீட்டில் கலக்கம். அம்மா உடனே குக்கரை எடுத்து வைக்கிறாள். கூடவே அரிசி, பருப்பு, கரண்டி, தோசைத் திருப்பி! பாவம், அவன் மூட்டையைச் சுமக்கப் போவது முதுகில், வண்டியில் அல்ல.

ஒரு ஆளுக்கு ஒரே பாத்திரம் போதும். முக்கால் லிட்டர் பிடிக்கும் அலுமினியப் பாத்திரம். அதிலேயே கொதிக்க வைக்கலாம், அதிலேயே சாப்பிடலாம். மூடி மட்டும் அவசியம் வேண்டும். மூடி இல்லாவிட்டால் எரிபொருள் வீண்.

அடுப்பு எது? 1953-ல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் ஏறியபோது, பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பில்தான் பனியை உருக்கிக் குடித்தார்கள். நல்ல அடுப்புதான். ஆனால் கனம் அதிகம். ஸ்பிரிட் அடுப்பு லேசானது, மலிவானது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் ஸ்பிரிட் ஊற்றினால் கை வெந்துபோகும்!

இன்று உள்ளங்கையில் அடங்கும் பர்னர் கிடைக்கிறது. எடை சுமார் 100 கிராம். சிறிய கேஸ் டின்னின் மேல் திருகிப் பற்ற வைக்கலாம். தனி ஆளுக்கு இதுவே மேல் என்பது நம் கருத்து. ஒரு எச்சரிக்கை: பியூட்டேன் வாயு மட்டும் அடைத்த டின் உறைபனிக் குளிரில் எரியாது. இமயமலைக்குப் போகிறவர்கள் புரொப்பேன் கலந்த டின்னைக் கேட்டு வாங்க வேண்டும். காற்றை மறைக்கிறேன் என்று டின்னைச் சுற்றித் தகரம் கட்டவும் கூடாது. சூடேறினால் டின் வெடிக்கும்.

அந்த டின்னை ரயிலில் கொண்டு போகலாமா? கூடவே கூடாது. விமானத்திலும் கூடாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்தது. விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம். 9 பேர் மாண்டார்கள். ஒரு வாய்த் தேநீருக்கு இவ்வளவு பெரிய விலையா? பர்னரை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மலை அடிவாரத்து ஊரில் டின் வாங்குங்கள்.

குளிருக்குப் பயந்து மூடிய கூடாரத்துக்குள் அடுப்புப் பற்ற வைப்பவர்களும் உண்டு. அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்கியவர் எழுந்திருக்கமாட்டார். தனியாகப் போனவரைத் தட்டி எழுப்ப யார் இருக்கிறார்கள்?

குக்கர் இல்லாமல் பருப்பு வேகுமா என்று அம்மா கேட்பாள். வேகாதுதான். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு வேகக் காத்திருந்தால் டின் காலியாகிவிடும். ஆகவே பருப்பு வேண்டாம். அவல், சத்துமாவு, வறுத்த ரவை கொடுத்தனுப்புங்கள். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் தாராளமாக வைக்கலாம். அதற்கு ரயிலிலும் தடை இல்லை!