கூரை இல்லாத கோயிலில் ஒரு வெறும் குழி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து மலாக்காவுக்கு வேன் பிடிக்கும் குடும்பங்கள் எத்தனையோ! மூவாரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தானே. விடியலில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு புறப்பட்டால், இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். சிவப்புக் கட்டடத்தின் முன்னால் ஒரு படம், பூ ஜோடித்த திரிஷாவில் ஒரு சுற்று, பிள்ளைகளுக்குச் செண்டோல். அத்தோடு பயணம் முடிந்தது.

அடுத்த முறை போகும்போது ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து, பின்னாலுள்ள செயிண்ட் பால் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள். படிகள் அதிகம். பாட்டிமார் கூட வந்தால், வெயில் ஏறுமுன் மெல்லக் கூட்டிப் போங்கள்.

உச்சியில் ஒரு பழைய தேவாலயம். சுவர் உண்டு, கூரை இல்லை. 1521-இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். கீழே அந்தச் சிவப்புத் தேவாலயத்தை அவர்கள் 1753-இல் கட்டி முடித்ததும், மேலே வழிபாடு நின்று போயிற்று. அப்புறம் அது இடுகாடானது. பெரிய பெரிய கல்லறைப் பலகைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.

உள்ளே கம்பி வேலி போட்டு மூடிய ஒரு குழி இருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. “இதற்கா இவ்வளவு தூரம் ஏறினோம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அது புனித சவேரியாரின் உடலை வைத்திருந்த குழி. மலாக்காவுக்கு 1545-இல் வருமுன்பே அவர் நம் தமிழ் மக்களோடு வாழ்ந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்குப் போனார். மணப்பாடு முதலிய ஊர்களில் மீனவர் குடிசைகளைத் தேடி நடந்தார். தமிழ் தெரியாது, ஆனாலும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார். தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். நம் பாட்டன்மார் பால்மரக் காட்டுக்குக் கப்பலேறியதற்கு ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் முந்திய சங்கதி இது!

1552 டிசம்பர் 3-ஆம் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து இக்கோயிலில் புதைத்தார்கள். சுமார் ஒன்பது மாதம் மலாக்காவில் இருந்த பிறகு கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வலது கையை மட்டும் 1614-இல் ரோமாபுரிக்குக் கொண்டு போனார்கள். கோயிலுக்கு முன்னால் 1952-இல் வைத்த அவர் சிலைக்கும் வலது கை இல்லை. மரம் விழுந்து ஒடிந்தது என்பார்கள்.

அங்கே சிலர் படம் பிடிப்பார்கள். சிலர் கண்மூடி நிற்பார்கள். லயத்தில் நம் அடுத்த கதவு வேதக்காரர் வீடாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸ் பலகாரம் நம் வீட்டுக்கும், தீபாவளி முறுக்கு அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கும். அந்த மரியாதையை மலை மேலும் காட்டுங்கள். கல்லறைப் பலகை மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம்.

இறங்கி வரும்போது ஒன்றை யோசியுங்கள். ஒன்பது மாதம் மலாக்காவில் இருந்த ஓர் உடலுக்காக, 470 ஆண்டுகள் கடந்தும் ஒரு வெறும் குழியைக் காத்து வைத்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய நம் தாத்தாவின் சமாதி எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. லயம், மாரியம்மன் மேடை, சின்ன மாதா கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போகின்றன.

குழியை நம்மால் காக்க முடியாமல் போகலாம். கதையைக் காக்கலாமே! வீடு திரும்பியதும் பிள்ளை கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பாட்டியை உட்கார வைத்துக் கேட்டு, தோட்டத்தின் பெயர், டிவிஷன், கோயில் இருந்த இடம், அங்கே கண்மூடியவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.