யாத்திரைத் துணை: சாத்தா கோயில் திடலில் ஓர் இரவு

"பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் பிள்ளைகள் காரில் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே சத்திரமும் இல்லை, மண்டபமும் இல்லை. கூடாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா? மழை வந்தால் தாங்குமா? ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?" என்று தென்மாவட்டத்து அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

இந்தப் பகுதியில் தலங்களையும் அவற்றுக்குச் செல்லும் வழிகளையும் பற்றியே எழுதி வருகிறேன். கூடாரத்தைப் பற்றி எழுத நேரும் என்று நினைத்ததில்லை. மார்கழியில் கூடாரவல்லிக்குப் பாற்சோறு உண்பதோடு கூடாரத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிடும். (அந்தக் 'கூடார்' வேறு, இந்தக் கூடாரம் வேறு என்பதை நேயர்கள் அறிவீர்கள்.) ஆனால் சென்ற பங்குனி உத்திரத்தன்று நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், அன்பருக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் சாத்தா கோயில் மலையடிவாரத்தில், குளக்கரையை ஒட்டிய திடலில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடக்கும் இடம் உத்திரத்தன்று மட்டும் ஊராகிவிடும். சென்ற ஆண்டு என் மகன் மலிவாகக் கிடைத்தது என்று கூடாரம் ஒன்றைத் தருவித்திருந்தான். 'நீர் புகாதது' என்று உறையின் மேல் அச்சிட்டிருந்தது. படைப்பு முடிந்து படுத்தோம். நள்ளிரவுக்குப் பின் இடி முழங்கிற்று. கோடை மழை ஒன்றரை மணி நேரம் அடித்தது. முதலில் தையல் ஓரங்களில் முத்து முத்தாகத் துளிர்த்தது, பிறகு வழிந்தது, அதன்பின் கீழிருந்தும் ஊறிற்று. என் அக்காளுக்கு எழுபத்தொன்பது வயது. அவரைத் தாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தோம். நான்கு பேர் விடியும்வரை கால் நீட்ட வழியின்றி அமர்ந்திருந்தோம். காலையில் அக்காளின் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. வீடு திரும்பிய பின்பும் பத்து நாள் வற்றவில்லை.

மணமான நாள் முதல் எந்த உத்திரத்தையும் தவறவிடாதவர் அவர். தை மாதம் நான் பேச்செடுத்தபோது, "நான் வரல தம்பி. ராத்திரி பூரா காருக்குள்ள குத்தவச்சு விடியுறதுக்கு, வீட்டுலயே வெளக்கேத்திக் கும்பிட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான், கூடாரம் என்பது என்ன என்று நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒன்று. ஆண்டுக்கு ஓர் இரவுதான் தங்குவீர்கள், பங்காளிகள் இருபது பேர் சேர்ந்து போவீர்கள் என்றால் கூடாரம் வேண்டாம். பந்தல்காரரிடம் சொல்லித் தகரக் கொட்டகை போட்டுச் செலவைத் தலைக்கட்டுக்குப் பிரித்துக்கொள்வதே நல்லது. நகரங்களில் சில கடைகள் கூடாரத்தை வாடகைக்கும் தருகின்றன, விசாரித்துப் பாருங்கள். உத்திரம், காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயில் ஆடி அமாவாசை என்று ஆண்டில் இரண்டு மூன்று முறை வெளியில் தங்குகிறவர்களுக்கே சொந்தக் கூடாரம் பயன்படும். சொரிமுத்தையனார் கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், எத்தனை நாள் தங்கலாம், வாகனம் எதுவரை போகலாம் என்ற விதிகளை அந்தந்த ஆண்டு கேட்டறிந்தே புறப்பட வேண்டும். ஆடியில் அங்கே சாரல் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்குவது என்று முடிவானால், அளவைப் பற்றிய மயக்கம் முதலில் தீர வேண்டும். 'நால்வர் கூடாரம்' என்றால் நான்கு பாய்களைத் தோளோடு தோள் உரச விரிக்கலாம் என்றே பொருள். பை வைக்கவும் இடம் இராது. முதியவர் இருவருக்கு நால்வர் கூடாரமே தகும். மலையேறுகிறவர்கள் முதுகில் சுமப்பதற்காக எடை குறைந்ததைத் தேடி அதிக விலை கொடுக்கிறார்கள். நமக்குக் கார் சுமக்கிறது. ஆகவே எடைக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அலுமினியக் கம்பிக்குப் பதில் கனத்த கண்ணாடியிழைக் கம்பியே போதும். உயரம் மட்டும் பார்த்து வாங்குங்கள். தவழ்ந்து நுழையும் கூடாரம் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. நடுவில் ஏறத்தாழ நிமிர்ந்து நின்று வேட்டி மாற்றிக்கொள்ளும் உயரம் இருந்தால் நலம். அதற்கு மேல் உயர்ந்தால் காற்று பிடித்துத் தள்ளும்.

இனி மழை. எங்கள் பழைய கூடாரம் ஏன் ஒழுகிற்று என்பதை அவிழ்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது ஒற்றைத் துணி. உச்சியில் மட்டும் குல்லாய் போலச் சிறு மேலுறை; பக்கங்கள் திறந்த வலை. நேரே பெய்யும் தூறலுக்கு அது போதும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழைக்கு ஆகாது. நமக்கு வேண்டியது இரட்டை அமைப்பு: உள்ளே காற்றுப் புகும் மெல்லிய கூடு, வெளியே ஏறக்குறைய தரைவரை இறங்கும் முழு மேலுறை. இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

இந்த இடைவெளி எதற்கு என்று அக்காள் கேட்டார். உறங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் இரவு முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டம்ளர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஒற்றைத் துணியில் அந்த ஆவி குளிர்ந்து நம் தலையிலேயே சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று நினைப்போம். இரட்டைத் துணியில் அது மேலுறையில் படிந்து வெளிப்புறமாக வழிந்துவிடும். மழைக்குப் பயந்து காற்றுவழிகளை எல்லாம் அடைத்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

துணியின் மேல் 1500, 2000, 3000 என்று மில்லிமீட்டர் கணக்கு போட்டிருக்கும். துணியின் மீது எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்று அழுத்தினால் மறுபக்கம் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். மேலுறைக்கு 1500 குறைந்த அளவு. நம் கோடை இடிமழைக்கு 2000க்குக் குறையாமல் இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக, 3000 அளவில் வேண்டும். ஈர நிலத்தில் முழங்காலை ஊன்றி எழும்போது உடல் எடை முழுவதும் ஓரிடத்தில் அழுத்துகிறது அல்லவா? எண்ணே போடாமல் 'நீர் புகாதது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நான் நம்பமாட்டேன்.

ஆனால் எண் பெரிதாக இருந்து தையல் திறந்திருந்தால் பயனில்லை. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். மேலுறையைத் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் கண்ணாடி போன்ற பட்டை நெடுக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கடையிலேயே பார்த்துவிடலாம். தரைத்துணி, தொட்டியின் விளிம்பு போல நான்கு பக்கமும் அரைச்சாணாவது மேலேறிய பிறகே சுவர்த் துணியோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் தையல் தரையோடு தரையாக இருந்தது. அடியில் ஊறியது அதனால்தான்.

வீசினால் தானே விரிந்துகொள்ளும் கூடாரங்களும் விற்கின்றன. விரிப்பது நொடியில் முடியும். மடிப்பதற்கோ பேரன் வேண்டும்.

என் செலவைச் சொல்லிவிடுகிறேன்; உங்கள் ஊரில் விலை மாறலாம். கூடாரத்துக்கு 4,800 ரூபாய் ஆயிற்று. 600 ரூபாய்க்கு ஒரு தார்ப்பாய். அதைக் கூடாரத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில், ஒருபுறம் காரின் மேல் கம்பியிலும் மறுபுறம் இரண்டு கழிகளிலும் சாய்வாகக் கட்டினால் பாதி மழையை அதுவே வாங்கிக்கொள்ளும், செருப்பும் நனையாது. கூடாரத்தோடு வரும் முளைகள் ஈர்க்குச்சி போன்றவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, கொல்லுப்பட்டறையில் ஒரு முழ நீளத்தில் தலை வளைத்த பத்து இரும்பு முளைகள் செய்து வாங்கினேன். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடித்து, இழுகயிறு அத்தனையையும் கட்ட வேண்டும். கயிறு தளர்ந்தால் மேலுறை தொய்ந்து உள்கூட்டில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் ஈரம் இறங்கும். கயிறு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்றை முடிந்து வையுங்கள். இரவில் எழுந்து போகும் நம்மைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்தக் கயிற்றில்தான்.

கூடாரத்தின் அடியில் விரிக்கும் பாய் அல்லது உரச்சாக்கு, கூடாரத்தின் தரையைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் நீரை ஏந்தி நமக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். பெரிதாக விரித்தால் பாதுகாப்பு என்று நானும் தவறாக எண்ணியிருந்தேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நிழலும் மணலும் நன்றாக இருக்கின்றன என்று ஓடைக்குள்ளோ குளத்தின் உள்வாயிலோ கூடாரம் அடிக்காதீர்கள். மலையில் பெய்த மழை, நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் இறங்கிவிடும். தனி மரத்தடியும் வேண்டாம். இடி இடிக்கும்போது எவ்வளவு விலை கொடுத்த கூடாரமும் நம்மைக் காக்காது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் அமர்வதே பாதுகாப்பு. கடைசி இடி ஓசை கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கலாம். ஆகவே சென்ற ஆண்டு நாங்கள் காருக்குப் போனது பிழையன்று. மழை விட்டபின் திரும்பிப் படுக்க உலர்ந்த இடம் இல்லாமற்போனதே பிழை. காருக்குள் குளிர்ச்சிக்காக என்ஜினை ஓடவிட்டுக் கூடாரத்தை அதன் புகைக்குழாயருகே வைப்பதும் ஆபத்து.

இன்னொன்றும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் அகல் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. அந்தத் துணி பொறி பட்டாலே உருகி உடலோடு ஒட்டும். குளிருக்கு என்று கரியடுப்பை உள்ளே வைத்தால், அதன் நச்சுக்காற்று மணமின்றி உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். விளக்கைச் சன்னிதியில் ஏற்றுவோம். கூடாரத்துக்குள் மின்கல விளக்கு போதும்.

வாங்கி வந்ததை அப்படியே காரில் ஏற்றாமல் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். மொட்டை மாடியில் முளை அடிக்க முடியாது. நீர் நிரப்பிய குடங்களில் கயிறுகளைக் கட்டினோம். உள்ளே தரை முழுவதும் பழைய செய்தித்தாள்களைப் பரப்பினேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதத்தில் கறை தெரிந்துவிடும். என் மகன் குழாயைப் பிடித்து அரை மணி நேரம், மேலிருந்தும் பக்கவாட்டிலும் பாய்ச்சினான். வாசல் இழுப்பானின் கீழ் மூலையில் மட்டும் ஒரு கறை விழுந்தது. இழுப்பான் முழுவதும் இறங்கவில்லை. மூடிவிட்டு மறுபடி பாய்ச்சினோம். காகிதம் உலர்ந்தே இருந்தது. ஒழுகியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று இரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடக் கூடாது. மறுநாளே நிழலில் விரித்து நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு அடைந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்து, அடுத்த ஆண்டு துணி சல்லடையாகிவிடும். இறுக்கி மடிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டுப் பரணில் வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.

மாடியில் இரண்டாம் முறை நீர் பாய்ச்சியபோது அக்காளை அழைத்து உள்ளே நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். "அத்தை, நனையுதா?" என்று என் மகன் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அவர் பதில் சொல்லவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார், தையலைத் தடவினார், காலடியில் இருந்த காகிதத்தை எடுத்து விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து என் மனைவியிடம், "வாசலோரம் எனக்கு விட்டுரு. ராத்திரி ரெண்டு தரம் எந்திரிக்கணும்" என்றார். மறுநாள் காலையில் படைப்புக்கான பச்சரிசியைத் தம் பங்காக அளந்து அனுப்பியிருந்தார்.