காக்கிக்கு அப்பாலும் வேலை இருக்கிறது

விடியற்காலையில் எந்த மாவட்டத் தலைநகரின் விளையாட்டு மைதானத்துக்குப் போனாலும், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும். அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஆனால், மூச்சிரைக்க ஓடுகிறவர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் உழைப்பை மதிக்கிறோம். வருத்தமெல்லாம் இதுதான்: வேதியியல் படித்த பிள்ளைக்குத் தடய அறிவியல் துறையில் இடம் உண்டு என்பதையும், சமூகப்பணி படித்த பிள்ளை நன்னடத்தை அலுவலர் ஆகலாம் என்பதையும் வீட்டிலும் சரி, கல்லூரியிலும் சரி, பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குற்றவியல் நீதி என்றாலே நமக்குக் காக்கிச் சட்டையும் கறுப்புக் கோட்டும்தான் கண்ணில் படுகின்றன.

இதை இப்போது பேச அவசரமான காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு வர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதாவது, இன்று பிளஸ் டூ முடித்து அறிவியல் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகள் படித்து வெளியே வரும் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இத்தகைய நிபுணர்கள் தேவைப்படுவார்கள். சட்டத்தை எழுதிவிட்டோம். அதைச் சுமக்கும் ஆட்களை உருவாக்கினோமா?

சம்பவ இடத்தில் ரத்தக்கறை படிந்த ஒரு சட்டை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்துக் கட்டினால் உள்ளே புழுங்கி, பூஞ்சை பிடித்து, மரபணுச் சோதனைக்கு உதவாமல் போய்விடும். நிழலில் உலர்த்தி, தாள் உறையில் இட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒவ்வொரு படியிலும் எழுதிவைக்க வேண்டும். இதில் ஓரிடம் தவறினாலும் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதைப் பிடித்துக்கொள்வார். குற்றவாளி தப்பலாம். அதைவிடக் கொடுமை, நிரபராதி மாட்டிக்கொள்ளலாம். கறாராகச் செய்யப்படும் ஆய்வுதான் அடி உதையால் வாங்கும் வாக்குமூலத்துக்கு மாற்று. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஒரு தந்தையையும் மகனையும் இழந்த பிறகும் இதை நாம் உணராமல் இருக்கக் கூடாது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. 1849-லேயே சென்னை மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் அமைந்துவிட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் கம்பித் துணுக்குகளையும் வைத்து, வெடித்தது உடலில் கட்டிய பெல்ட் குண்டு என்று நிறுவியது பேராசிரியர் ப.சந்திரசேகரன் தலைமையிலான தமிழகத் தடய அறிவியல் குழு. அவர் பெயர் நம் பிளஸ் டூ மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடயவியலுக்காவது சினிமா கொஞ்சம் வெளிச்சம் தந்திருக்கிறது. நன்னடத்தை அலுவலர் என்ற பதவியோ அறவே இருட்டில் கிடக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்துக்கு இருபதாண்டுகள் முன்பே, 1936-இல், சென்னை மாகாணம் தனக்கென இப்படியொரு சட்டம் இயற்றிக்கொண்டது. முதல் முறையாக ஒரு திருட்டு வழக்கில் சிக்கிய 19 வயது இளைஞன் குற்றவாளி என்று தீர்மானமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 1958 சட்டம். 21 வயது நிரம்பாதவர்களுக்கு, ஆயுள் தண்டனை வரை போகாத குற்றங்களில், இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்த அலுவலர் அவன் வீட்டுக்குப் போவார். தாயிடம் பேசுவார். படித்த பள்ளியிலும் வேலை பார்த்த பட்டறையிலும் விசாரிப்பார். அவர் எழுதும் சில பக்கங்களில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை சிறை வாசலில் முடியுமா, திரும்பி வருமா என்பது இருக்கிறது. இதைவிடப் பொறுப்பான வேலை ஒரு சமூகப்பணிப் பட்டதாரிக்கு வேறென்ன இருக்க முடியும்?

சிறைக்குள்ளும் வேலை இருக்கிறது. 2022-இன் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்காக வாதாடச் சட்ட உதவி வழக்குரைஞர்கள், மனம் உடையாமல் பார்த்துக்கொள்ள உளவியல் படித்தவர்கள், கல்வி தர ஆசிரியர்கள் வேண்டும். சிறை நிர்வாகப் பயிற்சிக்கென வேலூரில் ஒரு நிறுவனம் 1979 முதல் இயங்குகிறது. குற்றவியல் படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வாசல்கள் இருக்கின்றன. வழிகாட்டும் பலகைதான் இல்லை.

இதில் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தடயவியல் பட்டப்படிப்பு தொடங்கும் கல்லூரிகள், ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாமல் விளம்பரப் பதாகை மட்டும் வைத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோரும் டி.என்.பி.எஸ்.சி.யின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு எந்தப் பட்டம் கேட்டார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. நீதிபதி ஆக விரும்புகிறவர்கள் மூன்றாண்டு வழக்குரைஞர் அனுபவம் கட்டாயம் என்ற 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். அந்த மூன்றாண்டுகளில் வருமானமில்லாத ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது மூத்த வழக்குரைஞர்களின் கடமை. ‘பெண் பிள்ளைக்கு ஜெயிலிலும் பிணவறையிலும் என்ன வேலை?’ என்று தடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1973-இல் தமிழ்நாட்டில் பெண்கள் முதன்முதலாகக் காவலராகச் சேர்ந்தபோதும் இதையேதான் கேட்டிருப்பார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையமே வந்துவிட்டது.

காவல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். தடயவியல் அலுவலரைச் சம்பவ இடத்துக்குக் கடைசியாக அழைக்கும் பழக்கம் போகட்டும். பொதுமக்களாகிய நமக்கும் பங்குண்டு. மகஜரில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம், கோர்ட்டுக்கு வந்தால் பிறழ் சாட்சியாகிறோம். நம் பிள்ளைகள் எவ்வளவு படித்துப் போய் நின்றாலும், சாட்சி இல்லாத வழக்கில் அவர்களால் என்ன செய்ய முடியும்?

அரசு செய்ய வேண்டியது தெளிவானது. ஆட்சி மாறினாலும் மாறாத ஒரு பணியிடத் திட்டத்தை எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்: எந்த மாவட்டத்துக்கு எத்தனை தடயவியல் அலுவலர், எத்தனை நன்னடத்தை அலுவலர், எந்த ஆண்டுக்குள் என்று. ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று வழிகாட்டும் திட்டங்கள் கையில் இருக்கின்றன. அடுத்த கல்லூரிக் கனவு நிகழ்ச்சியில், பொறியியல், மருத்துவம் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் அந்த மாவட்டத்தின் நன்னடத்தை அலுவலருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் அரை மணி நேரம் பேசட்டும்.