மழைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும்

பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். காலையெல்லாம் வெயிலடித்துவிட்டு, பால் எடுக்கப் போகிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பால் வடியும் மங்கில் தண்ணீர் விழும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் கிராணி மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார், 'தண்ணி' என்பார், கணக்கைக் குறைத்து எழுதுவார். எடை கூடட்டும் என்று வாய்க்கால் தண்ணீரைக் கலந்தவருக்கும் அதே வெட்டுத்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மா இப்படி எத்தனையோ நாள் கூலியை இழந்திருக்கிறார். ஆனால் லயத்தில் யாரும் அவரைத் திருடி என்று சொன்னதில்லை. மழையில் நனைந்தவர் யார், வாய்க்கால் பக்கம் போனவர் யார் என்பது லயத்துக்குத் தெரியும்.

ஊக்கமருந்தில் சிக்கிய வீரர்களின் பெயரை என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டோர்தான் நினைவுக்கு வருகிறது.

நம் மாநிலத்தின் பாகான் சிராயில் பிறந்த லீ சோங் வெய் 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலகப் பூப்பந்துப் போட்டியில் இறுதியாட்டம் வரை போனார். அங்கு எடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. இது ஸ்டீராய்டுதான். ஆனால் தசையை வளர்க்கிற வகை இல்லை; வீக்கத்தைத் தணிக்க மருத்துவர்கள் கொடுப்பது. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையிலிருந்து செய்த சத்து மாத்திரையின் கூடு வழியாக அது உடலுக்குள் போயிருக்கிறது, ஏமாற்றும் எண்ணம் இல்லை, கவனக்குறைவு என்று 2015 ஏப்ரலில் விசாரணைக் குழு முடிவு சொன்னது. எட்டு மாதத் தடை. வெள்ளிப் பதக்கமும் போனது. திரும்பி வந்தவர் 2016 ரியோவில் அரையிறுதியில் லின் டானை வீழ்த்தி, மூன்றாவது ஒலிம்பிக் வெள்ளியை வாங்கினார். 2023இல் உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பின் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் ஏறிவிட்டது. இன்று ஈப்போ கோப்பிக் கடையில் எவரிடமாவது அந்த எட்டு மாதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும்.

மழையில் நனைந்த மங்கு அது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்துகிறது. தீர்ப்பைப் படித்துவிட்டா மன்னித்தோம், அல்லது அவர் நம்மவர் என்பதாலா?

நம் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு அந்த மறதி கிடைக்கவில்லை. திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, விவசாயக் குடும்பத்துப் பெண், 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். கடலுக்கு இந்தப் பக்கம் நாமும் அந்தக் காணொளியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். பிறகு நாண்ட்ரோலோன் என்ற செய்தி வந்தது. இது தசையை வளர்க்கும் வகை. ஒரு மாதிரியில் மட்டும் தெரிந்ததும் அல்ல. நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள், தங்கத்தைப் பறித்தார்கள். அன்று 2:02.96இல் இரண்டாவதாக வந்தவர் சீனாவின் வாங் சுன்யூ. கால் விநாடி வித்தியாசத்தில் அவர் கீழ்ப்படியில் நின்று இன்னொரு நாட்டின் கீதத்தைக் கேட்டார். பின்னாளில் பதக்கம் கை மாறலாம், அந்த மாலைப்பொழுது மாறுமா? இதனால்தான் பதக்க விஷயத்தில் கருவி சொல்வதே முடிவாக இருக்க வேண்டும் என்கிறேன். மழையோ வாய்க்காலோ, கணக்கு வெட்டப்படட்டும்.

பெயர் வேறு கணக்கு. கோமதி மார்ச்சிலேயே பாட்டியாலாவில் மாதிரி கொடுத்திருந்தார். அதன் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார் என்று இந்தியத் தடகளச் சம்மேளனமே குறைபட்டுக்கொண்டது. தாமதித்தவர்களுக்கு என்ன தண்டனை? நாண்ட்ரோலோன் முடிகண்டத்து வயலில் விளைவதில்லை. அது யார் யார் கை மாறி வந்தது? அந்தக் கேள்விக்கு நம் பத்திரிகைகள் அதிக இடம் கொடுக்கவில்லை. வென்றபோது தமிழச்சி என்றோம், தோற்றபோது தனி ஆளாக்கினோம்.

தனி ஆளாக்கும் இந்த வித்தையில் அமெரிக்காவின் பேஸ்பால்தான் உச்சம். நம் ஊரில் யாரும் ஆடாத ஆட்டம். பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் 'ஹோம் ரன்' நம் சிக்ஸருக்குப் பங்காளி. பாரி பாண்ட்ஸ் மொத்தம் 762 அடித்தவர், அதில் 73 ஒரே பருவத்தில், 2001இல். பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்று நம்பிப் பயன்படுத்தியதாக 2003இல் பெரு நடுவர் குழு விசாரணையில் சொன்னார். (எண்ணெய் தேய்த்துக் குளித்தா 73 வரும் என்று கேட்கத் தோன்றுகிறது.) ஸ்டீராய்டுக்குத் தண்டனையோடு கூடிய சோதனை அந்த ஆட்டத்தில் 2004இல்தான் தொடங்கியது. கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்குள் போக 75 விழுக்காடு வாக்கு வேண்டும். எழுத்தாளர்கள் வாக்களிக்கும் பட்டியலில் பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2022இல், அவருக்குக் கிடைத்தது 66. ஆனால் அந்தக் காலம் முழுதும் ஆட்டத்தின் தலைமை ஆணையராக இருந்து, ஹோம் ரன் மழையில் அரங்கம் நிரம்பியதைப் பார்த்துக்கொண்டிருந்த பட் செலிக் 2017இலேயே உள்ளே போய்விட்டார். பாண்ட்ஸ் வாய்க்கால் தண்ணீர் ஊற்றியவர் என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் செலிக்குக்கு நாற்காலி போட்ட மண்டபம் அவரை வாசலில் நிறுத்துவது, தண்டல் பார்த்திருக்கக் கலந்த பாலுக்கு வெட்டுக்காரனை மட்டும் வேலையை விட்டு நிறுத்துவது போல.

ஆய்வுக்கூடச் சீட்டு ஒன்றே போதும் என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 2017 வரை, 49 ஆண்டுகள், அதுவே தேசியச் சாதனை. ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை வந்ததே 1976இல்தான். அவர் ஓட்டத்துக்கு அந்தச் சோதனைச் சீட்டு கிடையாது. பின்னாளில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராக ஊக்கமருந்துக்கு எதிராக நின்ற அந்த மனிதரைப் பார்த்து, அந்த 20.92ஐ மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். சரியாகத்தான் செய்கிறோம். லயம் ஆளை எடை போட்டதும் இப்படித்தான்.

போன மாதம் புந்தோங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் பள்ளிக்காகப் பூப்பந்து ஆடுகிறான். மேசை மேல் ஒரு பெரிய டப்பா, பக்கத்தில் மாத்திரைப் புட்டி. திருப்பிப் பார்த்தேன், எனக்குப் படிக்கத் தெரிந்த எந்த மொழியிலும் எழுத்து இல்லை. இதில் என்னடா இருக்கிறது என்றேன்.

"தெரியல மாமா. கோச் குடுத்தாரு."