நாற்பத்தைந்தில் எந்த மாத்திரை?

தாராவியில் விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிக் கொப்பரை முன் நிற்கும் பெண்ணுக்கு உடம்பு குப்பென்று சூடேறினால் பழியை அடுப்பின் மேல் போட்டுவிடலாம். மாட்டுங்காவில் ஏ.ஸி. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. முகமும் கழுத்தும் சிவந்து, வேர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கும்வரை பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். இருவருக்கும் நடப்பது ஒன்றுதான். சினைப்பைகள் ஓய்வு பெறத் தயாராகின்றன. ஈஸ்ட்ரோஜன் ஒழுங்காகக் குறையாமல் ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46-47. மேலைநாடுகளில் 51. தடுமாற்றமோ சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். உடல் சூட்டோடு நிற்பதில்லை. தூக்கம் போகும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும்.

மருத்துவர்கள் இதற்கு இரண்டு வகை மாத்திரைகளை எழுதுகிறார்கள்: ஹார்மோன் அல்லது மனச்சோர்வுக்கான மருந்து. எது கிடைக்கும் என்பதை உடம்பு தீர்மானித்தால் பரவாயில்லை. பல நேரங்களில் தீர்மானிப்பது வரிசை. தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையிலும் சரி, செம்பூரின் தனியார் கிளினிக்குகளிலும் சரி, மகப்பேறு மருத்துவர் ஒரு பக்கம், மனநல மருத்துவர் இன்னொரு பக்கம். போதாததற்கு மொழி. தமிழில் 'உடம்புச் சூடு' என்றால் வீட்டில் எண்ணெய்க் குளியலும் வெந்தயமும் தயார். டாக்டரிடம் போனால் 'படபடப்பு' இந்தியில் 'கப்ராஹட்' ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்கும் மருத்துவர் மனப் பதற்றம் என்று எழுதினால் அவர் மீது மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசி மாதவிலக்கு எப்போது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஹார்மோன் என்றால் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. 1966இல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் வில்சன், என்றும் இளமைக்கு ஈஸ்ட்ரோஜன் என்று புத்தகம் எழுதி விற்றுத் தள்ளினார். அவருக்கு மருந்துக் கம்பெனிப் பணம் வந்த கதை பிறகுதான் வெளியானது. 1975இல் தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோயை அதிகரிப்பதாகத் தெரிந்தது. எனவே கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர்க்கப்பட்டது. 2002 ஜூலையில் பெரிய இடி. 16,608 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள்.

எறிந்தவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 10,000 பெண்களில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 7 பேருக்கு இதய நோய். இடுப்பு எலும்பு முறிவு 5 குறைவு. அதைவிட முக்கியமாக, ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அந்தக் கணக்கை 46 வயதுக்காரியின் தலையில் கட்டியது பெரிய அநியாயம். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தொந்தரவு அதிகமுள்ள ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே கூடுதல் என்பது இப்போது மருத்துவச் சங்கங்களின் பொதுக் கருத்து. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் பெட்டிகளின் மீதிருந்த பெரும்பாலான கடும் எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. அடுத்து 1966இன் உற்சாகத்துக்குத் திரும்பிவிடாமல் இருந்தால் சரி.

மனச்சோர்வு மருந்து கொடுத்தால் 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கொதிப்பவர்களும் உண்டு. தேவையில்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. பாராக்ஸிட்டினைக் குறைந்த அளவில் உடல் சூட்டுக்காகவே கொடுக்க அமெரிக்கா 2013இல் அனுமதித்தது. 2014இல் வெளியான ஆய்வில் இரண்டும் ஒரே களத்தில் இறக்கப்பட்டன. 339 பெண்கள், எட்டு வாரம். நாளுக்கு 8 முறை வந்த சூடு, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனில் 3.9 ஆகவும், வென்லாஃபாக்ஸினில் 4.4 ஆகவும், வெற்று மாத்திரையில்கூட 5.5 ஆகவும் குறைந்தது. வழக்கமான அளவு ஹார்மோன் இதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஹார்மோன் கூடாதவர்களுக்கு மாற்று இருக்கிறது.

யாருக்குக் கூடாது? மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்கள், கடுமையான கல்லீரல் நோயாளிகள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், மாத்திரையைப் போல ரத்த உறைவு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மறுபக்கம், மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்ணுக்குப் பாராக்ஸிட்டின் ஆகாது. அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். வென்லாஃபாக்ஸின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். இந்த வகை மருந்துகளில் பல தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். நாற்பது வயதைத் தாண்டியவளிடம் இதை எந்த டாக்டரும் கேட்பதில்லை.

மனம்தான் முக்கியப் பிரச்சினை என்றால் கணக்கு மாறுகிறது. மனச்சோர்வு நோய் என்று உறுதியாகாத நிலையில், மெனோபாஸ் கால வாட்டத்துக்கு இம்மருந்துகள் பயன்படுவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது பிரிட்டனின் 2015 வழிகாட்டி. 2018இல் வெளியான ஆய்வில் 172 பெண்களில் ஹார்மோன் பெற்றவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் வந்தன. ஆனால் முன்பே, உதாரணமாகப் பிரசவத்துக்குப் பின், மனச்சோர்வில் விழுந்தவள் விஷயம் வேறு. உயிரை விடும் எண்ணம் வந்தவள் விஷயமும் வேறு. அவர்களுக்கு மனநல மருத்துவர்தான் முதலில். ஹார்மோனைச் சோதித்துப் பார்த்துக் காத்திருக்கும் நேரமல்ல அது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்களும் உண்டு.

இரண்டுமே தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நாற்பதுகளில் அதிகப் போக்கும் சேர்ந்தால் களைப்பும் படபடப்பும் வராமல் என்ன செய்யும்? தைராய்டு கோளாறும் இதே வேஷம் போடும். ஹீமோகுளோபின், தைராய்டு சோதனைகளைச் செய்யாமல் எந்த மாத்திரையையும் தொடங்கக் கூடாது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு விலை கூடிய ஹார்மோன் சோதனைகள் பொதுவாகத் தேவையில்லை. மாதவிலக்குத் தேதிகளே போதும். ஆறு மாதத் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போகலாம். ஹார்மோன் சிகிச்சை கருத்தடையும் ஆகாது. மாதவிலக்கு முழுதாக நிற்கும்வரை கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு உண்டு.

மருந்தைத் தொடங்கினால் ஹார்மோனுக்கு மூன்று மாத அவகாசம் தர வேண்டும். மனச்சோர்வு மருந்து சூட்டைக் குறைக்குமா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பலன் இல்லையென்று அதை ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.