மாலையில் ஒரு மணி நேரம் தாருங்கள்: வத்தலக்குண்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



வத்தலக்குண்டிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் எனச் சிலர் கூடிப் பேசி இதை உங்கள் முன் வைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை.

விடியுமுன் பூப்பறிக்கப் போகும் தாய், கொடைக்கானலுக்கு வண்டி ஓட்டிவிட்டு இரவில் திரும்பும் தகப்பன், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். இவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். பிள்ளை இயற்கணிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால் என்ன செய்வார்கள்? டியூஷனுக்குப் பணம் வேண்டும். மிச்சமிருப்பது கைடும் செல்போனும்தான். கேள்வியைப் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறது. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்ப மாட்டோம். எங்களில் ஒருவர் தன் தெருவில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டைப் பார்த்தார். 1/2 + 1/4 என்ற கணக்குக்கு மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி 2/6 என்று எழுதியிருந்தாள். அவர் விடையைச் சொல்லவில்லை. “அரைக் கிலோ மல்லியும் கால் கிலோ மல்லியும் சேர்ந்தா எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். “முக்காக் கிலோ” என்றாள் உடனே. நிலக்கோட்டை பூச்சந்தைக்கு அம்மாவுடன் போய் வருகிற பிள்ளை அவள். பிறகு தன் விடையையே உற்றுப் பார்த்தாள். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. “அரையோட காலைச் சேர்த்தா அரைக்கும் கீழ எப்படிக்கா போகும்?” என்று அவளே கேட்டுவிட்டு அழித்தாள். இரண்டு கால் சேர்ந்தது ஓர் அரை என்று விளங்கியதும் 2/4 + 1/4 என்று அவள் கையே எழுதியது. கைடிலும் விடை இருக்கிறது. ஆனால் அது இப்படித் திருப்பிக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

அறிவியலுக்கோ நம் ஊரைப் போல் வசதியான இடம் அரிது. காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் பஸ் மலையேறுகிறது. காது அடைக்கிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்புகிறது. வெளியே காற்றழுத்தம் குறைவதுதான் இரண்டுக்கும் காரணம். வத்தலக்குண்டு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 320 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். இரண்டு ஊருக்கும் 11, 12 டிகிரி வித்தியாசம் என்று பிள்ளையே கணக்கிட்டுவிடும். சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடுதானே ஏற வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். வெயில் முதலில் தரையைத்தான் சுட வைக்கிறது, தரையிலிருந்துதான் காற்று சூடாகிறது, மேலே போகும் காற்று விரிந்து குளிர்கிறது என்பது வரை அந்தக் கேள்வி கொண்டுபோகும். அந்த மலையில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கண்டுபிடித்தார். உலகப் பாடநூல்களில் அது அவர் பெயரால் வழங்குகிறது. அடிவாரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அறிவியல் என்றால் மனப்பாடம் என்று நினைத்திருப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

தன்னார்வலர்களால் இது முடியும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியபோது, மாலைதோறும் வீட்டுத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெண்களைப் போன்றவர்களே.

நாங்கள் கேட்பது அதைவிடச் சிறிது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. அந்தச் சிறுசுகள் விளையாடட்டும். ஆறு முதல் பத்து வரை படிக்கும் பிள்ளைகளுக்காகவே கேட்கிறோம். பிளஸ் டூ முடித்தவரோ, பட்டம் பெற்று வீட்டில் இருப்பவரோ, ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ, பாலிடெக்னிக் படித்த மெக்கானிக்கோ, உங்கள் தெருவில் வாரம் இரண்டு மாலை, ஆறிலிருந்து ஏழு வரை உட்காருங்கள். எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைப் பிள்ளையோடு சேர்ந்து பாடநூலில் தேடுங்கள். விடையை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆளுக்கு நாலைந்து பிள்ளைகள் போதும். காசு வாங்க வேண்டாம்.

கடைக்காரர்களே, மாலையில் வெளிச்சமுள்ள ஓர் இடமும் ஒரு கரும்பலகையும் தாருங்கள். பெற்றோரே, பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்; ஏழு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடும் பொறுப்பை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வோம். ஆசிரியர்களே, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். இந்த வாரமே உங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.