விலைக்கு வாங்கிய வாசகர்கள்

1959இல் 'எழுத்து' தொடங்கிய சி. சு. செல்லப்பா, புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். விற்றது சொற்பம். வாங்கியவன் மனிதன்.

இன்று நம்மவர்கள் சிலர், வாரப் பத்திரிகைகளின் லட்சம் பிரதிகளைக் கேலி செய்துகொண்டே, ஃபேஸ்புக்கில் பத்தாயிரம் ஃபாலோயர்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த லட்சம் பேராவது தங்கள் காசைக் கொடுத்தவர்கள்.

மார்ச் கடைசியில் டெபாசிட்டை ஏற்றிக் காட்டி ஏப்ரலில் இறக்கும் வித்தை எங்கள் வங்கித் தொழிலுக்குப் புதிதல்ல. ஆனால் கிளையில் இருப்பவனுக்கு நிஜக் கணக்கு தெரியும். எழுத்தாளனோ தன் பொய்க் கணக்கைத் தானே நம்பத் தொடங்கி, அதற்கேற்ப எழுதவும் செய்கிறான். பக்கத்துச் சிவகாசியின் பத்தாயிரம் வாலாவை (2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுக்கும்வரை) யாரும் எண்ணிப் பார்த்ததில்லை; கொளுத்தினால் வெடித்தது. இது அதுவும் செய்யாது.

யாருக்கு நஷ்டம் என்கிறார்கள். அமெரிக்காவில் டெவூமி என்ற கம்பெனி இதே சரக்கை விற்றது. வாங்கியவர்களில் எழுத்தாளர்களும் உண்டு. அந்தப் போலிகளில் பல, உயிரோடிருப்பவர்களின் பெயரையும் படத்தையும் திருடிச் செய்தவை என்று 2018இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. ஒரு பள்ளி மாணவியின் முகமும் அதில் இருந்தது.

தன் குறிப்பில் 'இருபதாயிரம் வாசகர்கள்' என்று போட்டுக்கொள்ளும் கவிஞர், அதில் இருபது பேரின் ஊரைச் சொல்லட்டும்.